கல்லூரி நாட்காட்டியும் பயன்பாட்டுச் சோதனையும்

எண்ணிம நாட்காட்டி என்பது கணினியிலோ கைபேசியிலோ நாள், நேரம், நிகழ்வு ஆகியவற்றைக் குறித்து வைக்க உதவும் மென்பொருள் ஆகும். அதைப் புழங்கப்போகும் ஆட்களிடமே சில வேலைகளைக் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனிப்பது பயன்பாட்டுச் சோதனை எனப்படும். மதுரை போன்ற ஊரின் கல்லூரி மாணவருக்கு இச்சோதனை கூடுதல் சிக்கலானது. காரணம், அவருடைய நாள்கள் ஏழுநாள் வாரக் கணக்கில் மட்டும் நகர்வதில்லை.

தொடக்கச் சோதனைகள்

அமெரிக்காவில் ஜே. எஃப். கெல்லி, அல்போன்ஸ் சப்பானிஸ் ஆகியோர், அலுவலர்கள் தங்கள் காகித நாட்காட்டிகளை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து 1982இல் கட்டுரை வெளியிட்டனர். கணினியில் நாட்காட்டி செய்யும் முன் காகிதத்தில் நடப்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதன்பின் கெல்லி, 'கால்' என்னும் நாட்காட்டி நிரலை உருவாக்கினார். பயனர் தமக்குத் தோன்றிய ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வார்; நிரலுக்குப் புரியாதபோது மறைவில் இருந்த ஆய்வாளரே கணினிபோல் விடை அனுப்புவார். அச்சொற்களெல்லாம் அகராதியில் சேரச் சேர, ஆய்வாளரின் தலையீடு குறைந்துகொண்டே வந்தது. 'ஓஸ் மந்திரவாதி முறை' எனப் பெயர்பெற்ற இந்த உத்தி இன்றும் பேச்சுணர் கருவிகளைச் சோதிக்கப் பயன்படுகிறது. 1984இல் வெளியான முடிவின்படி, விசைப்பலகையை 5 நிமிடம் மட்டும் அறிமுகம் செய்துகொண்டவர்கள் கேட்டவற்றில் 86 முதல் 97 விழுக்காடு வரை நிரல் சரியாகச் செய்தது.

1986இல் ஜான் புரூக் உருவாக்கிய 10 கூற்றுகள் கொண்ட மதிப்பீட்டுத் தாள் மலிவானது, எளிதானது. மாணவர் திட்டப்பணிகளுக்கும் ஏற்றது. ஆனால் பயனருக்கு மென்பொருள் எப்படித் தோன்றியது என்பதைத்தான் அது அளக்கும். வகுப்பைத் தவறவிட்டாரா என்று அது கேட்பதில்லை.

டே ஆர்டர்

தமிழ்நாட்டின் பல கலை அறிவியல் கல்லூரிகளில் பாட அட்டவணை கிழமைப்படி இராது. வேலைநாள்கள் ஒன்று முதல் ஆறு வரை எண்ணிடப்பட்டுச் சுழலும். இதை மாணவர்கள் 'டே ஆர்டர்' என்பர். திங்கள் முதல் நாள், செவ்வாய் இரண்டாம் நாள், புதன் விடுமுறை என்றால், மூன்றாம் நாள் வியாழனுக்குப் போகும். விடுமுறையால் ஒரே பாடம் திரும்பத் திரும்ப அடிபடாமல் காக்கும் நல்ல ஏற்பாடு இது.

எண்ணிம நாட்காட்டிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொதுத்தரம் 1998இல் வெளியானது, 2009இல் திருத்தப்பட்டது. நாள்தோறும், வாரந்தோறும், மாதந்தோறும், ஆண்டுதோறும் என்ற கணக்கில் நிகழ்வைத் திரும்பவைக்க அதில் வழியுண்டு. குறித்த ஒரு நாளை நீக்கவும் முடியும். நீக்கிய நாளின் வகுப்பை அடுத்த வேலைநாளுக்குத் தள்ளி, அதன்பின் வரும் அனைத்தையும் நகர்த்தும் விதி அதில் இல்லை. ஆகவே கல்லூரிக் கையேட்டின் பக்கத்தைப் படம்பிடித்துக் கைபேசியில் வைத்துக்கொள்வது சோம்பேறித்தனம் அல்ல. அதுவே சரியான விடை தரும் வழி.

சித்திரை மாதம்

வைகையின் வடகரையிலுள்ள செல்லூருக்கு அருகில்தான் கள்ளழகர் ஆற்றில் இறங்குகிறார். சித்ரா பௌர்ணமியைச் சார்ந்த அந்நாள் 2023இல் மே 5, 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12 எனத் தள்ளாடி வந்தது. பருவத் தேர்வுகளும் அதே வாரங்களில்தான் நெருங்கும். அன்று மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறை விட்டு, ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக்குவது வழக்கம். 2019இல் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18 அன்றே தேரோட்டமும் வந்ததால், மதுரையில் வாக்குப்பதிவு நேரம் இரவு 8 மணி வரை நீட்டிக்கப்பட்டது.

சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டர் இச்சிக்கலை முன்பே தீர்த்திருந்தது. கிழிக்கும் தாள் ஒன்றிலேயே ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், இராகு காலம் எல்லாம் இடம்பெறும். இங்கு நடத்தும் சோதனையில், "வெள்ளிக்கிழமை 10 மணிக்குக் கூட்டம் சேர்" என்பதைவிட, "அழகர் இறங்கிய மறுநாள் முதல் மணியில் என்ன பாடம்?" என்ற கேள்வியே குறையை வெளிக்கொணரும்.

2015இல் கிரெகோரியன் அல்லாத நாட்காட்டிகளிலும் நிகழ்வுகளைத் திரும்பவைக்கப் பொதுத்தரம் விரிவாக்கப்பட்டது. அது சார்ந்திருக்கும் நாட்காட்டிப் பட்டியலில், 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தும் அன்றாடப் புழக்கத்துக்கு வராத இந்திய தேசிய நாட்காட்டி உண்டு. தமிழ்ச் சூரிய நாட்காட்டி இல்லை.