உறுப்புகளும் உறவுகளும்
திருமுக்கூடல் ஆதுலசாலை முதல் கணிப்பொறி வரை

காஞ்சிபுரத்திற்குத் தென்கிழக்கே, பழையசீவரத்தின் எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தில் அமைந்த சிற்றூர் திருமுக்கூடல். ஊரின் பெயரே அதன் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது. மூன்று ஆறுகளின் பெயர்களை மட்டும் மனனம் செய்தவருக்கு அவ்வூர் விளங்காது; எந்த ஆறு எங்கே எதனோடு சேர்கிறது என்பதை அறிந்தவருக்கே விளங்கும். மனித உடலைப் பற்றிய அறிவும் இத்தகையதே. உறுப்புகளின் பெயர்களை அடுக்குவது எளிது. எது எதனோடு இணைந்துள்ளது, எதிலிருந்து எது பிரிகிறது, எங்கே சென்று சேர்கிறது என்று கூறுவதே அரிது. அந்த அரிய அறிவு வளர்ந்த வரலாற்றையே இங்குச் சுருக்கமாகக் காண முற்படுகிறோம்.

கல்லில் எழுதிய மருத்துவமனை

திருமுக்கூடலிலுள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழரின் நீண்டதொரு கல்வெட்டு இருக்கிறது. கோயிலோடு சேர்ந்து நடந்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, மருத்துவமனை ஆகியவற்றின் செலவினங்களை அது வரிசையாகக் கூறுகிறது. மருத்துவமனையின் பெயர் வீரசோழன் ஆதுலசாலை. நோயாளிகளுக்கு 15 கிடக்கைகள்; ஒரு வைத்தியர்; அறுவை செய்ய, சல்லியக்கிரியை அறிந்த ஒருவர்; மூலிகை கொணர்ந்து மருந்து காய்ச்ச இருவர்; நோயாளரைப் பேணப் பெண்கள் இருவர்; ஒரு நாவிதர். கலியாண லவணம், வச்சிர கற்பம், தசமூல அரிதகி என இருபது அளவிலான மருந்துகளின் பெயர்களும் அதில் காணப்படுகின்றன. வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாய் கோயிலுக்கு வர, அதிலிருந்து யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பது வரை கல்லில் பொறித்தார்கள்.

மருந்துகளும் பணியாளரும் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் அந்த அறுவை மருத்துவர் கத்தியை எடுக்கும்போது, தோலுக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று மனத்தில் கொண்டிருந்த வரைபடம் கல்லில் இல்லை. அது ஆசானிடமிருந்து மாணவருக்குக் கைவழியாகவும் வாய்வழியாகவும் வந்த அறிவு. அவ்வாறு வரும் அறிவில் ஓர் இணைப்புத் தவறாக நுழைந்துவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை, உலகின் மற்றொரு பகுதியில் நடந்த வரலாறு காட்டுகிறது.

ஒரு சுவரும் ஒரு தாடையும்

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை அறுத்துப் பார்த்து, மனித உடலும் அவ்வாறே இருக்கும் என்று எழுதினார். அவர் நூல்கள் அரபு மொழியில் பெயர்க்கப்பட்டு, பல நூற்றாண்டுகள் மருத்துவ உலகின் இறுதிச் சொல்லாக விளங்கின. திருமுக்கூடல் கல்வெட்டுக்குச் சில பத்தாண்டுகள் முன்பு, 1037இல் மறைந்த மாமேதை இப்னு ஸீனாவின் ‘அல்-கானூன்’ என்னும் பெருநூலும் உடற்கூற்றில் பெரிதும் கேலனையே பின்பற்றியது.

கி.பி. 1200ஐ ஒட்டி எகிப்தில் கொடும் பஞ்சம் நேர்ந்தது. அப்போது அங்கிருந்த அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி (1162–1231) என்னும் அறிஞர், கெய்ரோ அருகே குவிந்து கிடந்த எலும்புகளைச் சென்று ஆராய்ந்தார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் இணைந்தது என்பது கேலனின் கூற்று. ஆயிரக்கணக்கான தாடைகளைப் பார்த்தும் அன்னார் இணைப்பு எதையும் காணவில்லை. அது ஒரே எலும்பு என்று எழுதினார். கேலன் எவ்வளவு பெரியவராயினும் கண்ணெதிரே உள்ள சான்று அவரினும் பெரியது என்பது அவர் கொண்ட முடிவு.

அடுத்து வந்தவர் டமாஸ்கஸில் கற்றுக் கெய்ரோவில் மருத்துவம் புரிந்த இப்னுந் நஃபீஸ். இதயத்தின் வலக் கீழறையிலுள்ள இரத்தம், நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத துளைகள் வழியே இடக் கீழறைக்குச் செல்கிறது என்று கேலன் கூறியிருந்தார். 1242இல் அல்-கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு உரை எழுதிய இப்னுந் நஃபீஸ் இதை மறுத்தார். சுவர் தடிப்பானது, அதில் வழி இல்லை. இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, இதயத்தின் இடப்பக்கம் திரும்புகிறது என்றார். நுரையீரலின் இரு இரத்தக் குழாய்களுக்கிடையே நுண்ணிய வழிகள் இருந்தாக வேண்டும் என்றும் கூறினார்.

ஓர் இணைப்பை அழித்து வேறோர் இணைப்பை வரைந்தார். அவ்வளவே அவர் செய்தது. ஆனால் அதனால் இரத்த ஓட்டத்தின் முழுப் படமுமே மாறியது. 1628இல் ஆங்கில மருத்துவர் ஹார்வி உடல் முழுதும் இரத்தம் சுற்றிவருவதை நிறுவினார். 1661இல் இத்தாலியர் மால்பீகி நுண்ணோக்கியால் நுரையீரலின் நுண்குழாய்களைக் கண்டார். இப்னுந் நஃபீஸ் 1288இல் மறைந்தார். அவர் உரையின் பிரதி பெர்லின் நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. 1924இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவி அதைக் கண்டெடுத்து உலகறியச் செய்தார். சரியான இணைப்பைக் கூறிய நூலும், அதைத் தேடுவார் இல்லையேல் அறுநூறு ஆண்டுகள் ஏட்டிலேயே கிடக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

படமும் சொல்லும்

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக மருத்துவர் மன்சூர் இப்னு இல்யாஸ், எலும்பு, நரம்பு, தசை, சிரை, தமனி என்னும் ஐந்தையும் தனித்தனி அதிகாரங்களாக்கி, முழு உருவப் படங்களுடன் ஒரு நூல் யாத்தார். கருவில் வளரும் சிசுவைப் பற்றியும் அதில் பேசினார். உடலை இணைப்புகளின் தொகுதிகளாகப் பிரித்துப் படமாக்கிய முயற்சி அது.

தமிழில் இத்துறை நூலாக வந்தது யாழ்ப்பாணத்தில். 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். ஆங்கில உடற்கூற்று நூல்கள் அவர் முயற்சியால் தமிழாயின. நரம்புக்கும் தமனிக்கும் சிரைக்கும் கிளைக்கும் தமிழில் உறுதியான சொல் இல்லாமல் இணைப்பைக் கற்பிக்க இயலாது என்பதை உணர்ந்து, சொற்கோவைகளையும் அவர் ஆக்கினார்.

கணிப்பொறி கற்ற உடற்கூறு

நூலைப் படிப்பவர் மனிதர். ஆசிரியர் சொல்லாமல் விட்டதையும் ஊகித்துக்கொள்வார். கணிப்பொறிக்கு அந்த ஊகம் இல்லை. கை தோளோடு சேர்ந்தது என்பதைக்கூட அதற்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆகவே 1990களில் அறிஞர்கள் உடலை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து எழுதலாயினர். ஐரோப்பாவில் அத்தகைய ஒரு திட்டத்திற்கு கேலன் என்றே பெயர் அமைந்தது வரலாற்றின் விந்தை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடற்கூற்றறிஞர் கார்னீலியஸ் ராஸும் அவர் குழுவினரும் உருவாக்கிய ‘உடற்கூற்று அடிப்படை மாதிரி’ இவற்றுள் தலையாயது. 2003இல் அதைப் பற்றிய விரிவான கட்டுரை வெளிவந்தது. ஏறத்தாழ 75,000 உறுப்பு வகைகளையும், 1,20,000க்கு மேற்பட்ட பெயர்களையும், அவற்றிடையே 21 இலட்சத்துக்கு மேற்பட்ட உறவுகளையும் கொண்டதாக அது வளர்ந்தது. பெயர்களைவிட உறவுகள் பல மடங்கு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

உறவுகள் பலவகை. விரல் கையின் பகுதி. ஒரு தமனி மற்றொரு தமனியின் கிளை. ஒரு குழாய் இன்னொன்றின் தொடர்ச்சி. இந்தத் தசைக்கு இரத்தம் ஊட்டுவது இது. உணர்வு ஊட்டுவது அது. சிரைகளைக் கூறும்போது மட்டும் கிளை என்னும் சொல்லை விட்டு, துணையாறு என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை ஆள்கிறார்கள். தமனியில் இரத்தம் பிரிந்து போகிறது. சிரையில் சிறியவை கூடிப் பெரியது ஆகிறது. பாலாற்றில் செய்யாறும் வேகவதியும் வந்து சேர்வது போலத்தான் உடலின் சிரைகளும் சேர்கின்றன.

இவ்வாறு எழுதப்பட்டதைக் கேள்வி கேட்கலாம். முழங்காலில் உறைந்த இரத்தக் கட்டி ஒன்று நகர்ந்தால் முதலில் எங்கே போய்ச் சிக்கும்? கணிப்பொறி துணையாறு, துணையாறாகத் தொடர்ந்து சென்று இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, நுரையீரல் என்று விடை சொல்லும். இப்னுந் நஃபீஸ் வரைந்த அதே வழி! நடுச்சுவரில் துளை உண்டு என்று யாரேனும் அதில் எழுதியிருந்தால், அது தயங்காமல் மூளை என்று தவறான விடையையும் தந்திருக்கும்.

அண்மை ஆண்டுகளில் இம்முயற்சி நரம்புகளின் பக்கம் திரும்பியுள்ளது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஸ்பார்க் என்னும் திட்டத்தில், நமது விருப்பின்றியே இயங்கும் இதயம், இரைப்பை, சிறுநீர்ப்பை ஆகியவற்றுக்குச் செல்லும் நரம்புகள் பதிவாகின்றன. நரம்பணுவின் உடல் எங்கே இருக்கிறது, அதன் இழை எவ்வழி செல்கிறது, எங்கே முடிகிறது, இதைக் கூறும் ஆய்வுக் கட்டுரை எது என்று ஒவ்வோர் இணைப்புக்கும் குறிப்பு உண்டு. பெர்னார்ட் டி போனோ முதலிய அறிஞர்கள் வகுத்த அப்பிநாட்டமி என்னும் முறை, இவ்வழிகளை ரயில் தடப்படம் போல வரைந்து காட்டுகிறது. நரம்பைத் தூண்டி நோய் தீர்க்கும் கருவிகளை அமைப்போருக்கு இது இன்றியமையாதது. கழுத்தில் ஓடும் ஒரே நரம்பு இதயத்துக்கும் செல்கிறது, குடலுக்கும் செல்கிறது. எந்த இழை எங்கே முடிகிறது என்று அறியாமல் தூண்டினால், ஒன்றை நாடி மற்றொன்றைத் தொட்டுவிடுவோம்.

நம் இல்லங்களில்

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துச் செய்தி என்று ஒதுக்க வேண்டாம். இடக்கை வலிக்கிறது என்று கூறும் பெரியவருக்குத் தைலம் தடவி, வாயுப் பிடிப்பு என்று உறங்க வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இதயத்தின் வலியைச் சுமக்கும் நரம்புகளும், கையின் உட்புறத்து உணர்வைச் சுமக்கும் நரம்புகளும் முதுகுத் தண்டின் மேல்மார்புப் பகுதியில் அருகருகே நுழைகின்றன. வலி எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிய இயலாத மூளை அதைக் கையின் கணக்கில் எழுதிவிடுகிறது. நீண்ட நாள் நீரிழிவால் நரம்புகள் கெட்டவருக்கோ வலியே தோன்றாமலும் போகலாம். வியர்வையும் மூச்சுத்திணறலும் சோர்வும் மட்டுமே தெரியலாம். இந்த ஓர் இணைப்பை அறிந்த குடும்பம் மருத்துவமனைக்கு விரையும். அறியாத குடும்பம் விடியட்டும் என்று காத்திருக்கும். இடையே நிற்பது ஓர் உயிர்.

திருமுக்கூடலிலிருந்து சில மணிநேரப் பயணத்தில் உள்ள சென்னையில், ஐ.ஐ.டி. வளாகத்தில் 2022இல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் தொடங்கப்பெற்றது. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் இயங்கும் அம்மையம், 2024 டிசம்பரில் ‘தரணி’ என்னும் தொகுதியை வெளியிட்டது. கருவின் நடு மாதங்களைச் சேர்ந்த சிசு மூளையை 5,132 மெல்லிய சீவல்களாக்கிப் படமெடுத்து, உயிரணுக்கள் தெரியும் அளவுக்கு நுணுக்கமாக, எந்நாட்டாரும் இலவசமாகக் காணும்படி வைத்துள்ளார்கள். இது இணைப்புப் படம் அன்று. இணைப்புகளைக் குறிப்பதற்கு முன் வேண்டிய நிலப்படம். ஊர்கள் எங்கெங்கே உள்ளன என்று தெரிந்த பின்னரே சாலைகளை வரைய இயலும்.

கல்லில் எழுதிய சோழர் காலத்தார், யாருக்கு எது எங்கிருந்து வர வேண்டும் என்பதை ஐயத்துக்கு இடமின்றிப் பதிந்தார்கள். அந்த ஒழுங்கு இப்போது உடலுக்கு வந்திருக்கிறது. ஆயினும் கல்லும் கணிப்பொறியும் எழுதியதைக் காக்குமே அன்றி, எழுதியது மெய்யா என்று தாமே சோதிக்கமாட்டா. அது தாடைகளை எண்ணிப் பார்த்த அப்துல் லத்தீஃபும், இல்லாத துளையை மறுத்த இப்னுந் நஃபீஸும் செய்த பணி. மருத்துவமும் கணிப்பொறியியலும் பயிலும் நம் பிள்ளைகள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 21 இலட்சம் உறவுகளுள் ஒன்றையேனும் எடுத்து, இதற்குச் சான்று என்ன என்று அவர்கள் கேட்கப் பழகினால், அம்மேதைகளின் வழித்தோன்றல்கள் என்று கூறிக்கொள்ள நமக்குத் தகுதி உண்டாகும்.