கழியும் கழிவும்

நெய்தற் பாடல்களை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ‘கழி’ என்னும் சொல்லருகே நாம் சற்று நின்றுதான் போக வேண்டியிருக்கிறது. ஆறும் கடலும் கலந்து உப்புநீர் ஏறியிறங்கும் பரப்பைப் பழம்புலவர்கள் கழி என்றார்கள். இன்றைய மாணவர் காதில் அது ‘கழிவு’ என்றே விழுகிறது. எண்ணூர்க் கழிமுகத்தைப் பொறுத்தவரை அந்தச் செவிகளைக் குறை சொல்வதற்கில்லை.

கூவத்தையும் அடையாற்றையும் அறிந்த அளவுக்குச் சென்னைவாசிகள் கொற்றலையாற்றை (அரசு ஏடுகளில் கொசஸ்தலை) அறிந்ததில்லை. மூன்றிலும் நீளமானது இதுதான். 1872ஆம் ஆண்டுத் திட்டப்படி தாமரைப்பாக்கம் அணைக்கட்டிலிருந்து இதன் நீர் சோழவரத்துக்கும் செங்குன்றத்துக்கும் திருப்பப்பட்டது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. மேயராயிருந்த சத்தியமூர்த்தியின் பெருமுயற்சி அது. கட்டி முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. நகரத்தின் தாகத்துக்கு இவை தேவைப்பட்டன என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் மழைக்காலம் தவிர்ந்த மாதங்களில் எண்ணூருக்கு வந்து சேரும் நன்னீர் குறைந்தது என்பதும் அதே வரலாற்றின் பகுதிதான்.

கடற்கரையின் கதையும் ஏறத்தாழ இதுவே. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய், பிற்பாடு பக்கிங்காம் கால்வாயின் ஓர் அங்கமாயிற்று. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போன நீர்வழி அது. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது. 1875இல் துறைமுக வேலை தொடங்கிய பின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரையைக் கடலுக்குக் கொடுத்தன. ‘ஒற்றி’ என்றால் அடகு என்றும் பொருளுண்டு. அந்தச் சிலேடையைத் தேவாரகாலத்துப் பக்தர்கள் வேறு பொருளில் ரசித்தார்கள்!

1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம். 1990களின் நடுவில் வடசென்னை அனல்மின் நிலையம். 2001இல் எண்ணூர்த் துறைமுகம். இவற்றுள் கழியை மெல்லக் கொன்றது சாம்பல். நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலை நீரில் கரைத்துக் குழம்பாக்கி, குழாய்வழியே சேப்பாக்கத்தை ஒட்டிய சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். (இது கிரிக்கெட் மைதானச் சேப்பாக்கம் அன்று.) குழாய்கள் ஆற்றைக் கடந்து செல்கின்றன. பல ஆண்டுகளாக அவை ஒழுகின. ஒழுகிய குழம்பு அடியில் படிந்து இறுகியது, ஆழம் குறைந்தது, படகு தட்டியது. சுழலியிலிருந்து வரும் நீராவியைக் குளிர்வித்துத் திரும்பும் வெந்நீர் வேறு. கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குச் சேற்றின் குணம் மாறினால் அன்றைய உலை மாறிவிடும். எவ்வளவு டன் என்று எழுதுவதைவிட இதைச் சொல்வது முக்கியம் என்று நினைக்கிறோம்.

வரைபடத்தின் கதை இதைவிட விசித்திரமானது. மத்திய அரசு 1996இல் ஒப்புதல் அளித்த கடற்கரை மண்டல வரைபடத்தில் ஏறத்தாழ 6,500 ஏக்கர் கழிவெளி பாதுகாக்கப்பட்ட பகுதியாய்க் குறிக்கப்பட்டிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநில அதிகாரிகளிடமிருந்து கிடைத்த மற்றொரு வரைபடத்திலோ அக்கழியைக் காணோம். 2017இல் இது வெளியே வந்தது. ஆற்றைத் தூர்ப்பதற்கு முன் அதைக் காகிதத்தில் தூர்த்துவிடலாம் போலும். டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ அதே ஆண்டு இக்கழியருகே படமாக்கப்பட்டு வெளியானது. வரி கட்டாத பொதுநிலத்தைக் குறித்த வருவாய்த்துறைச் சொல் வசைச்சொல்லான கதையையும் தமிழ் படித்தவர்கள் யோசிக்கலாம்.

நதி மீட்பு என்றதும் நகரத் திட்டமிடுவோர் சியோலின் சியோங்கியேசியோனைக் காட்டுவார்கள். 2003 முதல் 2005 வரை மேம்பாலச் சாலையை இடித்து ஓடையைத் திறந்தார்கள், அழகுதான். ஆனால் அதில் ஓடுவதில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இறைத்து விடப்படும் நீர். நம்மூரிலும் அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. குப்பையை அகற்றி, நீர் வந்துபோக வழிசெய்து, மரங்களை நட்டார்கள். நல்ல பணி, ஐயமில்லை. தெற்கே கழிமுகம் பூங்காவான அதே காலத்தில் வடக்கே கழிமுகம் சாம்பல் வாங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் நம்மை உறுத்துவது. எண்ணூருக்கு நடைபாதையும் விளக்குக் கம்பமும் வேண்டாம். குழாயை மாற்றுவதும், படிந்த சாம்பலை அள்ளுவதும், அலையாத்தி வேரூன்ற இடம் விடுவதும், 1996 வரைபடத்தை மதிப்பதுமே அங்கே கட்டடக்கலை.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022 ஜூலையில் கழியை மீட்டெடுக்க உத்தரவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே இறங்கி, படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் அப்பியது. அம்மாத இறுதியிலேயே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். 2017இல் மூடப்பட்ட பழைய அனல்மின் நிலைய வளாகத்தில் 660 மெகாவாட் புதிய அலகு அமைப்பதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2024 டிசம்பரில் நடந்தது. பழைய சாம்பல் அப்போதும் கழியில்தான் கிடந்தது.