கோடும் குடும்பமும்

மதமே மக்களைப் பிரிக்கும் எல்லை என்போர், காரகோரம் மலைமடியில், ஷையோக் ஆற்றங்கரையில் உள்ள துர்துக் சிற்றூரைக் காணட்டும். மதம் இசுலாம், பேச்சோ திபெத்திய மொழியினத்தைச் சேர்ந்த பால்ட்டி! 1840இல் ஜோராவர் சிங்கின் வாள் பால்டிஸ்தானத்தை டோக்ரா மன்னனுக்கு அடிமையாக்கிற்று. 1949இல் வகுத்த போர்நிறுத்தக் கோடு ஊரைப் பாகிஸ்தான் பக்கம் நிறுத்திற்று. 1971 டிசம்பர்ப் போரில் துர்துக், தியாக்ஷி, சலுங்கா, தாங் எனும் நான்கு ஊர்களையும் இந்தியப் படை பிடித்தது. குடிகளைக் கேட்டவர் எவர்? எவருமிலர்! பிழைப்புக்காக ஸ்கர்டு சென்றிருந்த மைந்தர் அங்கே, பெற்றோர் இங்கே. 1972இல் சிம்லாவில் கையெழுத்து. போர் நின்ற இடமே கட்டுப்பாட்டுக் கோடாயிற்று. இருபுறத்தும் மதம் ஒன்று, மொழி ஒன்று, குருதியும் ஒன்று! 2010இல் சுற்றுலாப் பயணிகளுக்குத் துர்துக் திறந்துவிடப்பட்டது. கோட்டைக் கடந்து அண்ணனைக் காணத் தம்பிக்கு வழி திறக்கவில்லை.