மாற்றுத்திறனாளிப் பெற்றோர்

உடல், புலன் அல்லது அறிவுத்திறன் குறைபாட்டுடன் குழந்தை வளர்ப்பவர்கள். பெற்றோரின் ஊனத்தைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்கிறது ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் (2006) 23ஆம் உறுப்பு. இந்தியா 2007இல் இதை ஏற்றது. அறிவுத்திறன் குறைபாடுடைய பெண்ணின் சம்மதமின்றிக் கருவைக் கலைக்க முடியாது என்று 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 24ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிப் பெண்களின் பிள்ளை வளர்ப்புக்கான உதவியையும், 25ஆம் பிரிவு பேறுகாலப் பராமரிப்பையும் அரசின் கடமைகளில் சேர்க்கின்றன.

சட்டம் இப்படியிருந்தாலும் அன்றாட வாழ்வில் தடைகள் உள்ளன. சென்னைப் புறநகரான தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் புறநகர் மின்தொடர் வண்டி முக்கியப் போக்குவரத்துகளில் ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப்பெட்டி உண்டு. ஆனால் நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையே உயர வேறுபாடும் இடைவெளியும் உள்ளன. கைக்குழந்தையை மடியில் வைத்துச் சக்கர நாற்காலியில் வரும் தாய் பிறர் தூக்கிவிடாமல் ஏற முடியாது. தடுப்பூசிக்குச் செல்லும் சுகாதார நிலையத்தில் சாய்தளம் இருந்தாலும், உயரமான பரிசோதனைக் கட்டிலும் சைகைமொழி தெரிந்த பணியாளர் இல்லாமையும் தடைகளாகின்றன.

முட்டுக்காட்டிலுள்ள பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் (2005) மறுவாழ்வுச் சேவை அளிக்கிறது. தாம்பரம் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தில் உதவிகளுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும்.