வெள்ளிக்கிழமைப் பாட்டியும் பள்ளிவாசல் தெரு அன்னையும்

 

 வரலாறு என்றதும் கலீஃபாக்களும் போர்க்களங்களும் கோட்டை கொத்தளங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஸஹீஹுல் புகாரியை ஓதியவர்கள் அறிவார்கள்: அந்தக் கிதாபிலே ஒரு மூதாட்டியின் அடுப்படிக்கும் இடமுண்டு.

மதீனாவில் வாழ்ந்த அந்த மூதாட்டியைப் பற்றி ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அம்மையாருக்குச் சிறு தோட்டம் ஒன்று இருந்தது. அதன் வாய்க்கால் ஓரங்களில் ‘ஸில்க்’ என்னும் கீரையைப் பயிரிட்டிருந்தார். நாம் இன்று உண்ணும் பீட்ரூட்டின் இனத்தைச் சேர்ந்தது அது. வெள்ளிக்கிழமை வந்ததும் அதனை வேரோடு பிடுங்கிப் பானையில் இட்டு, ஒரு பிடி வாற்கோதுமையை அரைத்துச் சேர்த்துக் காய்ச்சுவார். இறைச்சியோ கொழுப்போ அதில் இராது. கீரையின் வேர்தான் இறைச்சிக்குப் பதில். ஜும்ஆ முடிந்ததும் தோழர்கள் அவர் இல்லம் சென்று ஸலாம் உரைப்பார்கள். அவரும் அவ்வுணவை அவர்கள் முன் வைப்பார். அதற்காகவே வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்து மகிழ்ந்திருந்ததாக ஸஹ்ல் (ரலி) அவர்கள் மனம் திறந்து கூறுகிறார்கள்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இச்செய்தியை ஜும்ஆ, பயிர்த்தொழில், உணவு ஆகிய பாடங்களில் பதிந்ததோடு நிற்கவில்லை. ஆண்கள் பெண்களுக்கு ஸலாம் கூறுவது பற்றிய பாடத்திலும் கொண்டு வந்து வைத்தார்கள். ஒரு பானைக் கூழுக்கு இத்தனை பாடங்களா என்று மாணவப் பருவத்தில் நாம் வியந்ததுண்டு. ஸஹ்ல் (ரலி) அவர்களோ மதீனாவில் இறுதியாக மறைந்த தோழர்களுள் ஒருவர். நெடிய ஆயுளில் எத்தனையோ பெரிய காரியங்களைக் கண்ட அவர்களுடைய நெஞ்சில் அந்தப் பாட்டியின் கைப்பக்குவமும் குடிகொண்டிருந்தது.

இத்தகைய ஓர் அன்னை நம் தென்பாண்டிச் சீமையிலும் வாழ்ந்திருக்கிறார். மதுரையிலிருந்து தென்கிழக்கே சென்றால் இராமேசுவரம். அங்கே பள்ளிவாசல் தெருவில், சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டப்பட்ட பழைய வீட்டில் வாழ்ந்தவர் ஆஷியம்மா. மரக்கலத் தொழில் செய்த ஜைனுலாப்தீன் அவர்களின் துணைவியார். 1999-இல் வெளிவந்த ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவருடைய புதல்வர் டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் தம் தாயாரைப் பற்றி எழுதியுள்ளார். அன்றாடம் அவர் எத்தனை பேருக்கு உணவளித்தார் என்ற கணக்கு மகனுக்கு நினைவில்லை. ஆனால் வீட்டாரின் தொகையைக் காட்டிலும் அங்கே உண்ட வெளியாரின் தொகையே மிகுதி என்பதில் ஐயமில்லை. சமையலறைத் தரையில் வாழையிலை விரித்து, சோறும் மணக்கும் சாம்பாரும் வீட்டில் போட்ட ஊறுகாயும் தேங்காய்ச் சட்னியும் பரிமாறியதைக் கூட அவர் விடாமல் குறித்துள்ளார்.

பாட்டியாரும் அவ்வீட்டில் இருந்தார். மருமகளும் மாமியாருமாகப் பிள்ளைகளை உறங்க வைக்கும்போது பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கதையாகச் சொல்வார்களாம். அக்கம்பக்கத்தார் போற்றிய இராமாயண நிகழ்ச்சிகளும் அக்கதைகளில் இடம்பெற்றனவாம். அண்டை வீட்டாரோடு கலந்து பழகிய குடும்பத்தின் இயல்பு அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவுப் பங்கீடு வந்தபோது, தம் பங்கு ரொட்டியையும் மகனின் தட்டிலேயே வைத்துவிட்டுத் தாம் பட்டினி கிடந்தவர் ஆஷியம்மா. மூத்த சகோதரர் எடுத்துச் சொன்ன பிறகே சிறுவர் கலாமுக்கு அது தெரிந்தது.

1976-இல் ஜைனுலாப்தீன் அவர்கள் 102-ஆம் வயதில் வஃபாத்தானபோது பேரப்பிள்ளைகள் பதினைந்து பேர், கொள்ளுப்பேரனும் பிறந்துவிட்டான். தும்பாவிலிருந்து வந்த மகன் தாயின் அருகே நெடுநேரம் பேச்சின்றி அமர்ந்திருந்தார். கணவர் வாழ்ந்த வீட்டைவிட்டு அந்த அம்மையார் வர மாட்டார். மகனாலும் அங்கே தங்க இயலாது. சிறிது காலத்தில் அவரும் இறையடி சேர்ந்தார்.

2002-இல் மகன் குடியரசுத் தலைவரானார். ஆகவே அன்னையின் பெயரை நாடறியும். நூலெழுதும் மகன் வாய்க்காத நன்னிமார்களின் கதி என்ன?

நம் விளாங்குடி 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. வயல் இருந்த இடங்களில் வீடுகள் எழுந்துவிட்டன, திண்ணைகள் மறைந்தன. அத்திண்ணைகளில் அமர்ந்து, போவோர் வருவோரையெல்லாம் நலம் விசாரித்து, குழந்தைகளுக்கு அலிஃப் பே ஓதிக் கொடுத்து, பிள்ளைப்பேறு நடந்த வீட்டுக்குக் கஷாயமும் மவுத்தான வீட்டுக்குச் சோறும் கொண்டு சென்றவர்கள் நம் நன்னிமார்கள். பெண் மையித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிடும் முறையை முற்றும் அறிந்தவர்களும் அவர்களே. இக்காலத்தில் ஒரு பெண் வஃபாத்தானால் அந்தப் பணிக்கு ஆள் தேடி அலையும் நிலையை ஜமாஅத்தார் அறிவீர்கள்.

அந்த நன்னிமார்களின் வஃபாத்தைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எவ்வாறு அறிவிக்கிறோம்? இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்கிறோம், பெயரைச் சொல்வதில்லை. பெண்ணின் பெயரை வெளியே கூறுவது ஒழுக்கத்திற்குப் பொருந்தாது என்று சிலர் எண்ணுகின்றனர். இதற்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை. இப்னு ஸஅத் (ரஹ்) அவர்கள் தம் ‘தபகாத்’தின் இறுதிப் பகுதியைப் பெண்களுக்கென்றே ஒதுக்கிப் பெயர் பெயராக எழுதினார்கள். பெருமானாரைச் சிறுவயதில் வளர்த்த உம்மு அய்மன் (ரலி) அவர்களின் இயற்பெயர் பரக்கா என்பதை மதரஸா மாணவர்கள் அனைவரும் அறிவர். பெருமானாரின் மறைவுக்குப் பின் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் அம்மூதாட்டியின் வீடு தேடிச் சென்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் சென்று கண்டுவந்த வீடு அது என்பதே காரணம்.

ஆகவே, வஃபாத் அறிவிப்பிலும் மையவாடிப் பதிவேட்டிலும் பெண்களின் பெயரைத் தவறாது சேர்க்கும்படி நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக் கொள்கிறோம். நம் மஹல்லாவில் இன்று உயிரோடிருக்கும் முதியோரின் நினைவுகளை அவர்தம் பேரப்பிள்ளைகளே கேட்டு எழுதித் தந்தால், அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்கு இடமளிக்கலாம்.

மதீனாப் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்தவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. அவர் இறந்தபோது அதனைப் பெரிதாகக் கருதாமல், பெருமானாருக்குச் சொல்லாமலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். சில நாட்களாக அவரைக் காணாத நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். செய்தி அறிந்ததும், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று நின்று அவருக்காகத் தொழுதார்கள்.