அபராதத்தில் வாழ்ந்த ஊர்கள்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் என்றால் இரண்டு இடம். மிசிசிப்பி ஆற்றங்கரையில் எஃகு வளைவு நிற்கும் மாநகரம் ஒன்று. அதைச் சூழ்ந்து மேற்கே விரிந்து கிடக்கும் செயின்ட் லூயிஸ் கவுண்டி மற்றொன்று. கவுண்டியை நம்மூர் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாநகரம் அதற்குள் சேராது. 1876இல் வாக்கெடுப்பு நடத்தி நகரத்தார் தனியே பிரிந்துகொண்டார்கள். அன்று கவுண்டி பெரும்பாலும் விளைநிலம். பட்டிக்காட்டுச் செலவுக்கு நம் வரிப்பணம் எதற்கு என்பது அவர்கள் எண்ணம். அன்று போட்ட எல்லை இன்றுவரை நகரவில்லை. அடுத்த நூற்றாண்டில் மக்கள் நகரத்தை விட்டு வெளியேறியபோது, மாநகரத்தின் அதிகாரம் செல்லாத அந்த நிலத்தில் குட்டிக் குட்டியாக ஊராட்சிகள் முளைத்தன. 2014இல் எண்ணினால் 90. சிலவற்றில் ஆயிரம் பேர்கூடக் கிடையாது. அப்படியும் அவற்றில் பலவற்றுக்குத் தனி மேயர், தனி போலீஸ், தனி கோர்ட்.

நான் தொழிலால் கணக்கர். இந்தக் கவுண்டியின் மேற்குப் பக்கத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். கோயில், தமிழ்ப் பள்ளி, மளிகைக் கடை எல்லாம் இங்கேயே அமைந்துவிட்டதால், விமான நிலையத்துக்குப் போகும்போது தவிர வடக்குப் பக்கம் எட்டிப் பார்க்காமலே காலம் தள்ளிவிடலாம். 2014 ஆகஸ்டில் வடக்கே இருக்கும் ஃபெர்குசன் பற்றி எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மதுரையிலிருந்து அத்தை போன் செய்தார். “உங்க ஊர்லயா கண்ணு இதெல்லாம்?” என்று கேட்டார். எங்கள் கவுண்டிதான் அத்தை, காரில் அரைமணி நேரம் என்றேன்.

அந்த ஆகஸ்ட் 9ஆம் தேதி கேன்ஃபீல்டு டிரைவ் என்ற தெருவில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரை டேரன் வில்சன் என்ற வெள்ளைக்காரப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். நாலு மணி நேரத்துக்கு மேல் உடல் நடுத்தெருவில் கிடந்தது. உலகம் பேசியதெல்லாம் அந்த இருவரைப் பற்றித்தான். அந்தத் தெரு எப்படி அப்படி ஒரு தெருவானது என்பதைப் பேசியவர்கள் குறைவு. அதற்கு நிலப் பத்திரங்களையும் ஊராட்சி பட்ஜெட்டுகளையும் புரட்டவேண்டும். எனக்குப் பழகிய வேலை என்பதால் புரட்டினேன்.

1916இல் செயின்ட் லூயிஸ் மாநகர வாக்காளர்கள் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். ஒரு தெருப்பகுதியில் நூற்றுக்கு 75 பேர் ஒரே இனத்தவராக இருந்தால் வேற்றினத்தவர் அங்கே குடியேறக் கூடாது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் வேறொரு ஊரின் வழக்கில் இத்தகைய சட்டங்கள் செல்லாது என்றது. சட்டம் போனதும் அதே தடையைப் பத்திரத்தில் எழுதிக்கொண்டார்கள். லபடி அவென்யூவில் ஒரு வீடு. கறுப்பினத்தவருக்கோ மங்கோலிய இனத்தவருக்கோ கொடுப்பதில்லை என்று அந்தத் தெரு வீட்டுக்காரர்கள் 1911லேயே ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். 1945இல் ஷெல்லி என்ற கறுப்பினத் தம்பதி அதை வாங்கிக் குடிபோனார்கள். அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். இத்தகைய ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் வழக்கு.

தீர்ப்பு வந்தது, தடை ஓயவில்லை. ஃபெர்குசனை ஒட்டி கின்லாக் என்று ஒரு ஊர். மிசௌரியில் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று சட்டப்படி அமைத்துக்கொண்ட முதல் ஊராட்சி, அதுவும் அதே 1948இல். அதன் மறுபக்கத்தில் இருந்த வெள்ளையர்கள், கின்லாக் பள்ளிகளோடு தங்கள் பிள்ளைகள் சேரக் கூடாதென்று 1937லேயே பெர்க்லி என்ற ஊராட்சியைத் தனியே வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஃபெர்குசன் செய்தது இன்னும் நேரடியானது. கின்லாக்கிலிருந்து வரும் பிரதான சாலையின் குறுக்கே சங்கிலி கட்டி, கட்டடச் சாமான்களைப் போட்டு அடைத்தார்கள். இன்னொரு சாலை பகலில் மட்டும் திறந்திருக்கும். வீட்டு வேலைக்கும் குழந்தை பார்த்துக்கொள்ளவும் வரும் பெண்கள் வந்து போக வேண்டுமே! 1960களின் பிற்பகுதி வரை அந்தச் சங்கிலி இருந்தது. நிலவில் மனிதன் இறங்கிய காலத்துக்கு ஏறக்குறைய பக்கத்தில்.

பிளாக் ஜாக் என்ற பகுதி 1970இல் அவசர அவசரமாக ஊராட்சியானதும் இந்த வழிதான். எல்லா இனத்தவரும் குடியேறக்கூடிய அடுக்ககம் ஒன்று வரப்போகிறது என்று தெரிந்ததும் ஊராட்சி அமைத்து, அடுக்ககம் கட்டவே கூடாதென்று விதி போட்டார்கள். மத்திய அரசு வழக்குப் போட்டு 1974இல் அந்த விதியை உடைத்தது. கவுண்டியின் ஊர்களெல்லாம் இப்படியே பிறந்தன என்று சொல்லமாட்டேன். ஆனால் யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று தீர்மானிக்க ஊராட்சி என்பது வசதியான கருவியாக இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சங்கிலி போன பிறகு வெள்ளையர்கள் மேலும் மேற்கே நகர்ந்தார்கள். 1980களிலிருந்து விமான நிலையம் இரைச்சலைக் காரணம் காட்டி கின்லாக்கின் வீடுகளை வாங்கி இடித்துக்கொண்டே வந்தது. 1960இல் 6,500 பேர் இருந்த ஊரில் 2010இல் 298 பேர். இடம்பெயர்ந்தவர்களில் பலர் பக்கத்து ஃபெர்குசனின் வாடகை அடுக்ககங்களுக்குப் போனார்கள். 1970இல் ஏறக்குறைய முழுக்க வெள்ளையர் ஊராக இருந்த ஃபெர்குசனில் 2010இல் நூற்றுக்கு 67 பேர் கறுப்பினத்தவர். மக்கள் மாறினார்கள், அதிகாரம் மாறவில்லை. 2014இல் மேயர் வெள்ளையர். ஆறு கவுன்சிலர்களில் ஒருவர்தான் கறுப்பினத்தவர். ஐம்பதுக்கு மேற்பட்ட போலீஸ்காரர்களில் கறுப்பினத்தவர் மூன்று நான்கு பேர்.

இங்கே பணம் வந்து நுழைகிறது. பெரிய கடைகளும் அலுவலகங்களும் மேற்கே போய்விட்டதால் வடக்கு ஊர்களுக்கு விற்பனை வரி சுருங்கியது. 1980இல் மிசௌரி அரசமைப்பில் சேர்ந்த ஹான்காக் திருத்தத்தின்படி, மக்களிடம் வாக்குக் கேட்காமல் ஊராட்சி வரியை ஏற்ற முடியாது. அபராதத்துக்கு அந்தத் தடை இல்லை. மாநிலம் வைத்திருந்த உச்சவரம்பு வரை மக்களைக் கேட்காமலே ஏற்றலாம்.

அமெரிக்க அரசின் நீதித்துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட ஃபெர்குசன் அறிக்கையில் என்னை உலுக்கியது அந்த வரவுப் பட்டியல்தான். 2010இல் ஊராட்சியின் பொது வருவாய் 1.1 கோடி டாலர் சொச்சம், அதில் அபராதம் சுமார் 14 லட்சம். 2015க்குப் போட்ட பட்ஜெட்டில் மொத்தம் 1.33 கோடி, அபராதம் 31 லட்சம். எட்டில் ஒரு பங்காக இருந்தது நாலில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது. வருகிற ஆண்டு வாடகை இவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு எழுதலாம், அதில் தவறில்லை. வருகிற ஆண்டு மக்கள் இத்தனை குற்றம் செய்வார்கள் என்று முன்கூட்டியே வரவு எழுதிவிட்டால், அந்தக் குற்றங்களைக் கண்டுபிடித்தே ஆகவேண்டிய ஆள் போலீஸ்காரர்தான். டிக்கெட் (அபராதச் சீட்டு) எழுதுவதை முடுக்கிவிடுங்கள் என்று நிதி அதிகாரி போலீஸ் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பியதையும், ஒரே ஆளை நிறுத்தி யார் அதிக டிக்கெட் எழுதுவது என்று காவலர்கள் போட்டி போட்டதையும் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. 2012 முதல் 2014 வரை, சாலையில் நிறுத்தப்பட்டவர்களில் 85 விழுக்காடு, டிக்கெட் பெற்றவர்களில் 90 விழுக்காடு, கைதானவர்களில் 93 விழுக்காடு கறுப்பினத்தவர். தெருவில் ‘நடக்கும் விதம்’ சரியில்லை என்ற குற்றச்சாட்டில், 2011 முதல் 2013 வரை, 95 விழுக்காடு. மைக்கேல் பிரவுனை வில்சன் முதலில் நிறுத்தியதும் நடுத்தெருவில் நடந்ததற்காகத்தான்.

ஃபெர்குசன் அறிக்கை வந்த அதே நாளில் நீதித்துறை இன்னொரு அறிக்கையும் வெளியிட்டது. வில்சன் மீது குடிமை உரிமை மீறல் வழக்குப் போடச் சான்றுகள் இடம் தரவில்லை, பிரவுன் கைகளைத் தூக்கிச் சரணடைந்தார் என்ற பரவலான பேச்சை நம்பகமான சாட்சியம் உறுதிசெய்யவில்லை என்று அது சொன்னது. என் நண்பர்களில் சிலர் இதைப் பிடித்துக்கொண்டு அத்தோடு விஷயம் முடிந்தது என்கிறார்கள். இரண்டு அறிக்கையையும் எழுதியது ஒரே துறை. ஒன்றை நம்புகிறவர் மற்றதையும் படிக்கவேண்டும்.

ஃபெர்குசன் அறிக்கையில் வரும் ஒரு பெண்ணின் கணக்கை நான் தனித்தாளில் எழுதியே பார்த்தேன். 2007இல் ஒருமுறை காரைத் தப்பாக நிறுத்தியதற்கு இரண்டு டிக்கெட். அபராதம் 151 டாலர், கட்டணங்கள் தனி. அவருக்கு அப்போது பண நெருக்கடி, சில காலம் தங்க வீடே இல்லை. குறித்த நாளில் கோர்ட்டுக்கு வராததற்கும் பணம் கட்டாததற்கும் ஏழு தனிக் குற்றச்சாட்டுகள் சேர்ந்தன, ஒவ்வொன்றுக்கும் புதிய அபராதம். இருமுறை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தார். 25 டாலர், 50 டாலர் என்று முடிந்ததை அனுப்பினார். முழுத் தொகையாக இல்லை என்று கோர்ட் திருப்பி அனுப்பியது. 2014 டிசம்பரில் அவர் கட்டி முடித்தது 550 டாலர், இன்னும் பாக்கி 541. கொடுத்த கடனைவிடப் பன்மடங்கு வசூலித்தும் பத்திரத்தைத் திருப்பித் தராத கந்துவட்டிக்காரனை நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். இங்கே அந்த இடத்தில் ஒரு நீதிமன்றம் இருந்தது. அந்த மாதத்தில் 21,000 பேர் கொண்ட ஊரின் கோர்ட் கொடுத்து நிலுவையில் இருந்த வாரன்ட் 16,000க்கு மேற்பட்டவர்கள் பெயரில். வெளியூர்க்காரர்களும் அதில் அடக்கம்.

இது ஃபெர்குசனின் தனி நோயும் அல்ல. எங்கள் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்ய மாலையில் வரும் ஒரு கறுப்பினப் பெண்மணி, நான் கணக்குப் பார்ப்பவர் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் கைப்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து என் மேசையில் பரப்பினார். மூன்று வெவ்வேறு ஊர்களின் டிக்கெட். வேலைக்கு வரும் ஒரே சாலை அத்தனை ஊர்களையும் கடந்து வருகிறது. காரின் பதிவு காலாவதியானதற்கு ஒவ்வொரு ஊரும் தனித்தனியே எழுதியிருந்தது. விசாரணை மாலை ஆறரைக்கு, அவர் வேலை தொடங்குவது ஆறுக்கு. அவரோடு ஒரு ஊரின் கோர்ட்டுக்குப் போனேன். உடற்பயிற்சிக்கூடம், சுவரில் கூடைப்பந்து வளையம், வாசல் தாண்டி வரிசை. வரிசையில் நின்றவர்களில் அநேகமாக எல்லோரும் கறுப்பினத்தவர். ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தார், குழந்தைக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எனக்கும் ஒருமுறை வேகமாக ஓட்டியதற்கு டிக்கெட் வந்தது. வக்கீலைப் பிடி என்றார் சக ஊழியர். வக்கீலுக்குக் கட்டணம் அனுப்பினேன். வேக மீறல், ‘தவறான இடத்தில் நிறுத்தியது’ என்று மாறி வந்தது. அபராதம் கூடுதல், ஆனால் உரிமத்தில் கறை இல்லை, காப்பீடு ஏறவில்லை, கோர்ட் வாசலை மிதிக்கவே இல்லை. மேற்குக் கவுண்டியில் இது எல்லோரும் அறிந்த நடைமுறை. முந்நூறு டாலர் எடுத்து வைக்க முடிந்தவருக்கு அது ஒரு தொந்தரவு. முடியாதவருக்கு வாரன்ட், கைது, வேலை இழப்பு. ஃபெர்குசனில் 2012 கோடையில் கூடைப்பந்து ஆடிவிட்டுக் காரில் உட்கார்ந்து இளைப்பாறிய ஒருவர்மீது எட்டுக் குற்றச்சாட்டு எழுதினார்கள். மைக்கேல் என்ற பெயரை மைக் என்று சொன்னது பொய்த் தகவலாம், நின்றிருந்த காரில் பெல்ட் போடாததும் குற்றமாம். மத்திய அரசு ஒப்பந்த வேலையில் இருந்த அவருக்கு அந்த வேலை போயிற்று.

அறிக்கைக்குப் பிறகு ஃபெர்குசனின் போலீஸ் தலைவர், நகர மேலாளர், நீதிபதி மூவரும் பதவி விலகினார்கள். அபராத வருமானத்துக்கு மாநிலம் உச்சவரம்பைக் குறைத்தது. 2016இல் ஊராட்சியும் நீதித்துறையும் சீர்திருத்த ஒப்பந்தத்துக்கு வந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் அது 2024இலும் நடப்பில் இருந்தது. 2018இல் கவுண்டி அரசு வழக்கறிஞர் தேர்தலில், கால் நூற்றாண்டுக்கு மேல் பதவியில் இருந்த ராபர்ட் மெக்கல்லக்கை வெஸ்லி பெல் தோற்கடித்தார். பெல்லும் 2020இல் பிரவுன் வழக்கின் கோப்பை மறுபடி ஆராய்ந்து வில்சன்மீது வழக்கு இல்லை என்றார். அதே ஆண்டு எல்லா ஜோன்ஸ் என்பவர் ஃபெர்குசனின் முதல் கறுப்பின மேயரானார். அபராதம் கட்ட முடியாமல் சிறையில் கிடந்தவர்கள் தொடுத்த வழக்கில் ஊராட்சி 45 லட்சம் டாலர் தர 2024இல் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டில் காவலர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பினத்தவராக இருந்தார்கள்.

ஊராட்சிகள் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன. நகரத்தையும் கவுண்டியையும் மறுபடி ஒன்றாக்கி, ஒரே போலீஸ், ஒரே கோர்ட் அமைக்க 2019இல் ஒரு திட்டம் வந்தது. மேற்கே இருந்தவர்கள் தங்கள் பணம் போய்விடும் என்று எதிர்த்தார்கள். வடக்கே கறுப்பினத் தலைவர்களில் பலரும் எதிர்த்தார்கள். பல பத்தாண்டுகள் போராடி இப்போதுதான் மேயர் நாற்காலியும் கவுன்சிலும் கைக்கு வந்திருக்கிறது, பெரிய அமைப்பில் கரைந்தால் மறுபடி சிறுபான்மை ஆகிவிடுவோம் என்பது அவர்கள் அச்சம். திட்டம் சில மாதங்களில் கைவிடப்பட்டது. அந்த அச்சம் நியாயமானது, அதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. ஆனாலும் ஆயிரம் பேர் ஊர் ஒன்று போலீசும் கோர்ட்டும் வைத்துக்கொண்டு, அபராதத்தில் கை வைக்காமல் வரவு செலவைச் சரிக்கட்டுவது எப்படி என்று எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்குக் கணக்கு வரவில்லை.