பல்லாங்குழியும் மன்கலாவும்: நன்னிமார் ஆடிய கணக்கு

கோடை விடுமுறை வந்துவிட்டால், செம்பாக்கம், சேலையூர்ப் பகுதிகளில் உள்ள நம் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு வேறு எதைக் கொடுப்பது? பரண்மேல் கிடக்கும் பல்லாங்குழிப் பலகையை எடுக்கலாம் என்று சொன்னால், அடுத்த கேள்வி உடனே வருகிறது: "அது பிற சமயத்தார் பழக்கமாயிற்றே, மார்க்கத்தில் கூடுமா?" இதற்குரிய விடை, அந்த விளையாட்டின் வரலாற்றிலும் நம் ஃபிக்ஹு நூல்களிலுமே இருக்கிறது.

பதினான்கு குழி என்பதே பல்லாங்குழி என மருவிற்று என்பர். இதே இனத்தைச் சேர்ந்த ஆட்டத்துக்கு அரபு நாடுகளில் மன்கலா என்று பெயர். இடம் மாற்றுதலைக் குறிக்கும் 'நகல' என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. எகிப்திய மக்களின் வாழ்க்கையைப் பற்றி 1836இல் நூல் வெளியிட்ட எட்வர்ட் லேன், 12 குழிகளிலும் 72 சோழிகள் அல்லது கூழாங்கற்களிலும் ஆடப்பட்ட மன்கலாவை அதில் விவரித்துள்ளார். இலங்கையிலும் மாலத்தீவிலும் மலாய் நாட்டிலும் இதன் உறவு ஆட்டங்கள் உண்டு. நம் முன்னோர் வணிகத்துக்காகக் கப்பலேறிச் சென்ற கரைகள் அல்லவா அவை!

குழியில் இடும் சோழிக்கும் கடல்வழிக் கதை உண்டு. மாலத்தீவில் காழியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, அங்கே சோழியே நாணயமாகப் புழங்கியதைப் பதிவு செய்தார். 1344இல் அங்கிருந்து புறப்பட்டு, இலங்கை வழியாக நம் மஅபர் கரைக்கும் வந்து சேர்ந்தார். சோழி கிடைக்காத வீடுகளில் புளியங்கொட்டை. இன்று கண்ணாடிக் கோலிகள்.

இனி மார்க்கச் சட்டம். நர்த் எனும் பகடை ஆட்டத்தை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. சூதைத் திருக்குர்ஆன் 5:90 விலக்குகிறது. இவற்றை முன்வைத்து ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் ஓர் அளவுகோல் வகுத்தனர்: பகடையின் வீழ்ச்சியை நம்பும் ஆட்டம் விலக்கப்பட்டது, கணக்கையும் சிந்தனையையும் நம்பும் ஆட்டம் ஹராம் ஆகாது. இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டாக அவர்கள் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவற்றுள் மன்கலாவும் ஒன்று. பந்தயம் கூடாது, தொழுகை தவறக்கூடாது என்பவை நிபந்தனைகள். ஹனஃபி மத்ஹபினர் விளையாட்டு விஷயத்தில் இன்னும் கண்டிப்பானவர்கள்; அம்மத்ஹபைச் சார்ந்தோர் தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நன்று.

ஆடும் முறை எளியது. ஆளுக்கு 7 குழி; குழிக்கு 5 வீதம் மொத்தம் 70 காய்கள். தம் பக்கத்துக் குழி ஒன்றிலுள்ள காய்களை அள்ளி, வரிசையாக ஒவ்வொன்றாய் இட வேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அத்துடன் முறை எதிராளிக்குப் போகும். அடுத்தடுத்து இரு குழிகள் வெறுமை என்றால் ஒன்றும் கிடைக்காது. ஆட்டத்தினிடையே ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு'. குழிக்குரியவர் அதை எடுத்துக்கொள்வார். வீட்டுக்கு வீடு சிறு மாறுதல்கள் உண்டு.

ஒரு சுற்றில் தோற்றவர் எழுந்து போய்விடுவதில்லை. 23 காய்கள் மட்டும் மிஞ்சினால் நான்கு குழிகளை நிரப்பி, மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஆடுகிறார். இருப்பது கொஞ்சமே ஆனாலும் எண்ணிச் செலவிட்டால் மீளலாம் என்பதைப் பிள்ளைகள் விரலாலேயே கற்கிறார்கள்.

இவ்விதிகளை நம்மில் பலர் எந்த நூலிலும் படித்ததில்லை. நன்னிமாரின் எதிரே அமர்ந்து, அவர்களிடம் தோற்றுத் தோற்றுக் கற்றோம். அவர்கள் கைகளில் இருந்த கணக்கு அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நின்றுவிட்டால், அந்த இழப்பு நம்முடையதே. ஆகவே பலகையை இறக்குவோம். வீட்டுப் பெரியவரை ஒருபுறமும் பிள்ளையை மறுபுறமும் அமர்த்துவோம். பாங்கொலி கேட்டதும் காய்களை அப்படியே விட்டெழப் பழக்குவோம்.

அல்லாஹ் நம் நேரத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.